'டிக்' மட்டும் சொன்ன துவக்கு

ஒரு துவக்குக்கு இரண்டு குணம் போதும். சுட்டால் அதிரவேண்டும், சுடாவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும். என்னுடையது அன்றைக்குக் காலையில் மூன்றாவதாக ஒரு குணத்தைக் காட்டியது. "டிக்" என்றது. சுவர்க் கடிகாரம் போல, மரியாதையாக, தூங்குகிற ஆளை எழுப்பிவிடக்கூடாது என்பது போல.

ஆட்டுக்குட்டி ஒன்றைக் கழுத்தில் கவ்வி இழுத்துக்கொண்டிருந்த நரி அந்தச் சத்தத்துக்குத் தலையைக்கூடத் திருப்பவில்லை. என் பக்கத்தில், பனி உறைந்த புல்லில் குப்புறப் படுத்திருந்த கிழவர்தான் திரும்பினார். அந்த ஆடுகளும் நிலமும் அவருடையவை. புளூ மவுண்டன்ஸ் மலைகளைத் தாண்டி மேற்கே, கண்ணுக்கு எட்டிய மட்டும் வேலி, வேலிக்குள் ஆடு. குட்டி போடும் காலம். விடிய விடிய நரி வந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போனது.

துவக்கு 'டிக்' என்றால் உடனே திறந்து பார்க்கக்கூடாது. சிலவேளை உள்ளே வெடிமருந்து சோம்பேறித்தனமாகப் பற்றிக்கொண்டு கிடக்கும், பிந்தி வெடிக்கும். அதனால் குழலை ஆபத்தில்லாத திசைக்கே நீட்டியபடி அசையாமல் கிடக்கவேண்டும். கிடந்தேன். நான் சட்டத்தை மதித்துக் கிடந்த நேரத்தில் நரி குட்டியையும் கொண்டு, பென்ஷன் எடுத்த மனிசன் நடைக்குப் போவது போல மேட்டைத் தாண்டிப் போனது.

கிழவரின் ஆங்கிலத்தில் பாதிதான் எனக்கு விளங்கும். விளங்கிய பாதியை என் தமிழில் சொல்கிறேன்.

"மேட், நீயும் நரியும் முந்தியே கதைச்சு வைச்சனீங்களோ?"

"இல்லை, இது... இண்டைக்குத்தான் இப்பிடி."

"போன கிழமையும் 'டிக்' எண்டது."

"அது வேற டிக்."

அவர் சிரிக்கவில்லை. எழுந்து முழங்காலில் ஒட்டிய பனியைத் தட்டினார். "அடுத்த சனிக்கிழமை வா. அண்டைக்கும் டிக் எண்டால், அதுக்குப் பிறகு வராதே. கூலிக்குச் சுடுற பெடியன் ஒருத்தன் இருக்கிறான். எனக்குக் குட்டி வேணும், கூட்டாளி வேண்டாம்."

இது ஏன் எனக்கு அவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லவேண்டும். இந்த நாட்டில் லைசென்ஸ் எடுக்கலாம், துவக்கு வாங்கலாம், இரும்புப் பெட்டியைச் சுவரில் ஆணி அடித்துப் பூட்டலாம், பொலிஸ் வந்து பார்த்துச் சரி என்று தலையாட்டலாம். ஆனால் வேட்டைக்கு நிலம் வேண்டும். நிலம் வைத்திருப்பவன் கேற்றைத் திறக்கவேண்டும். மெரிலேண்ட்ஸில் இருக்கிற என் வீட்டில் இருந்து புறப்பட்டு, கேற்றுக்குக் கேற்று ஏறி இறங்கி, "குட் மோர்னிங், நரி இருக்கிறதோ?" என்று கேட்ட ஒரு மன்னார்க் கறுவலுக்கு நாய்கள்தான் பதில் சொன்னன. நான் இளித்த இளிப்பைப் பார்த்து, வீட்டுக்கு வீடு பைபிள் விற்க வந்தவன் என்று நினைத்து ஒருவர் கதவைச் சாத்தினார். இந்தக் கிழவர் ஒருத்தர்தான் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சுடத் தெரியுமோ?" என்று கேட்டார். தெரியும் என்றேன். திறந்துவிட்டார். அந்தக் கேற்று போனால் எனக்கு வேறு கேற்று இல்லை.

என் மனைவிக்கு இது ஒன்றும் ஏறாது. "அங்க துவக்குச் சத்தத்துக்குப் பயந்து பங்கருக்குள்ள பாய்ஞ்சு, கடல் தாண்டி வந்து, இஞ்ச நீங்களே துவக்கு வாங்கி வைச்சிருக்கிறியள். விசரோ உங்களுக்கு?" என்பாள். அவளுக்கு என்னிடம் ஒரே பதில்தான் உண்டு. அங்கே துவக்கின் முன்பக்கம் நின்றேன், இங்கே பின்பக்கம் படுக்கிறேன். பின்பக்கம் எவ்வளவோ சுகம்.

தோட்டாவைக் கடையில் வாங்கினால் இந்தக் கதையே இல்லை. நான் கராஜுக்குள் மேசை போட்டு நானே நிரப்புகிறவன். சுட்டு முடித்த பித்தளைக் கோதை எறியாமல் எடுத்து, பழைய பிரைமரைத் தட்டிவிட்டு, கழுவி, புதுப் பிரைமர் வைத்து, மருந்து போட்டு, மேலே சன்னத்தை, அதாவது பாய்கிற குண்டை, இறக்கினால் திரும்பவும் தோட்டா. பிரைமர் என்பது சட்டைப் பொத்தானிலும் சின்னதான ஓர் உலோகத் தொப்பி. கோதின் அடியில் ஒரு குழி இருக்கும். அதற்குள் அது இறங்கவேண்டும். துவக்கின் ஊசி அதைக் குத்தும், அது பொறி விடும், பொறி மருந்தைப் பற்றவைக்கும். இவ்வளவுதான் விஞ்ஞானம். இதற்கு ஒரு தடித்த புத்தகம் இருக்கிறது. நான் படம் மட்டும் பார்த்தேன். எட்டாம் வகுப்பை நான் மூன்று தரம் படித்தவன். அந்தப் பள்ளிக்கூடத்தில் அந்த வகுப்பை என்னளவு ஆழமாகக் கற்றவர் எவரும் இல்லை. அதற்கு மேல் புத்தகம் என்றால் கண் தானாக மூடும்.

புத்தகம் முழுக்கப் படித்த ஒருவன் எனக்குக் கூட்டு. பிளாக்டவுனில் இருக்கிற தமிழ்நாட்டுத் தம்பி. கம்ப்யூட்டர் வேலை. சுடுதளத்தில் பக்கத்துப் பக்கத்து வரிசையில் படுத்திருந்தபோது, துவக்கு உதைத்து நான் "அம்மோய்" என்று கத்தியதைக் கேட்டு, "அண்ணே, நீங்க தமிழா?" என்று கேட்டுச் சிநேகமானவன். தலைமயிரையும் அளந்து பார்க்கிற கருவி ஒன்று எப்போதும் அவன் பைக்குள் இருக்கும்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அவனைக் கூப்பிட்டேன். வந்து துவக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணே, ஊசிக்குப் பின்னாடி இருக்கிற ஸ்பிரிங் வீக்கா இருக்கும்."

"ஸ்பிரிங்கும் இல்லை, கிப்ரிங்கும் இல்லை. பிரைமர் செய்த கொம்பனி சரியில்லை. பெட்டியோட எனக்குப் பழசைத் தள்ளிவிட்டிட்டாங்கள்."

"நானும் அதே பெட்டிதாண்ணே. எனக்கு எல்லாம் வெடிக்குது."

"உன்ர முகத்துக்குப் பயந்து வெடிக்குது."

சுடுதளத்துக்குப் போனோம். முதலில் அவனுடைய தோட்டாவை என் துவக்கில் போட்டுப் பார்த்தோம். அதிர்ந்தது. அவன் பாவம், ஸ்பிரிங் கதையை மடித்துப் பைக்குள் வைத்தான். பிறகு என்னுடையதைப் போட்டேன். டிக். குழலை மண்மேட்டுக்கு நேராகப் பிடித்தபடி காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. திறக்காமலே ஊசியை மட்டும் திரும்ப இழுத்து இன்னொரு தரம் சுட்டேன். இப்போது வெடித்தது. அடுத்ததும் அப்படியே. முதல் அடிக்கு டிக், இரண்டாம் அடிக்கு வெடி. சனியன், கலியாண வீட்டுக்கு இரண்டு தரம் அழைத்தால்தான் வருகிற மாமா மாதிரி.

தம்பியின் முகம் வெளித்தது. "புரிஞ்சிடுச்சுண்ணே. ரெண்டாவது அடியில வெடிக்குதுன்னா பிரைமர்ல கோளாறு இல்ல. அது அடி வரைக்கும் போய் உக்காரல. மொத அடியோட வேகம் பூரா அதை உள்ள தள்றதுக்கே போயிருது. ரெண்டாவது அடிதான் உண்மையான அடி."

"உக்காராமல் நிண்டுகொண்டோ இருக்குது?"

"தடவிப் பாருங்க."

மிச்சத் தோட்டாவின் அடியில் விரலை வைத்துத் தடவினேன். பிரைமர் விளிம்புக்கு ஒரு மயிரிழை கீழே இருக்கவேண்டும். என்னுடையது விரலில் தட்டுப்பட்டது. கண்ணாடி மேசையில் நிறுத்தினான். தோட்டா ஆடியது. ஒன்றல்ல, வைத்ததெல்லாம் ஆடியது.

"அவ்வளவுதானே? பிடிச்சு ஒரு அமத்து அமத்தினால் இறங்கும்," என்றேன்.

தம்பி தோட்டாவை என் கையிலிருந்து பிடுங்கினான். "உள்ள மருந்து இருக்குண்ணே! அமுக்கும்போது பத்திக்கிச்சுன்னா? அண்ணிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அவ உனக்குத் தேத்தண்ணி போட்டுத் தருவா."

சிரித்தாலும் அவன் சொன்னது சரி. நிரப்பிய தோட்டாவின் பிரைமரை அமத்தக்கூடாது. அதனால் கராஜுக்குத் திரும்பி, வெறுங்கோது ஒன்றை எடுத்து, கைப்பிடியை நசுக்கிப் பிரைமர் வைக்கிற கருவியில் போட்டு நசுக்கினேன். ஒழுங்காக இறங்கினால் அடியில் போய்த் தட்டுவது கைக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது வேறு. தேத்தண்ணியில் ஊறின பாண் ரொட்டித் துண்டை அமத்துவது போல ஒரு மெதுமெதுப்பு, பிறகு நின்றுவிட்டது. இன்னும் நசுக்கினேன். பிரைமர் சப்பளிந்ததே தவிர இறங்கவில்லை. மரக்கறிச் சந்தையில் போர்க்லிப்ட் ஓட்டுகிற கை இது, பலம் காணாது என்று சொல்ல முடியாது.

தம்பி பிரைமரை அளந்தான், சரி. கோதை அளந்தான், சரி. குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். "என்னமோ பிரௌனா இருக்கு. கரியா?"

"சுட்ட கோதில கரி இருக்கும்தானே. ஆனால் கழுவின கோது. வெளியால பார், உன்ர கோது இப்பிடி மினுங்குமோ?"

அவன் பார்த்தான். உண்மையாகவே பொறாமைப்பட்டான். "எப்படிண்ணே இது? மெஷின் கூட இல்லாம?"

"கைராசி."

கைராசி இல்லை. புளி. என் மனைவி கோயிலில் மாதா திருவிழாவுக்குப் பித்தளை மெழுகுதிரித் தாங்கிகளை மினுக்கிக் கொடுக்கிறவள். வீட்டுக்குக் கொண்டு வந்து புளி போட்டுத் தேய்ப்பாள். கறுத்துக் கிடந்தது பொன்னாக எழும்பும். கோது மினுக்க ஆட்கள் அதிரும் மெஷின், கொட்டைத் தூள், விசேஷத் திரவம் என்று வாங்குவதைப் பார்த்து எனக்குச் சிரிப்புத்தான் வரும். பித்தளை பித்தளைதானே. தாங்கிக்கு ஒரு பித்தளை, தோட்டாவுக்கு வேறு பித்தளையா? பெயின்ட் வாளி ஒன்றில் புளியைக் கரைத்து, கோதுகளைக் கொட்டி ஊறவைத்துக் குலுக்கினேன். பிறகு ஒரு வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, உள்ளே தண்ணீர் வடியட்டும் என்று வாயைக் கீழே வைத்துக் கவிழ்த்து, சுளகில் அடுக்கி வெயிலில் காய வைத்தேன். வேலியால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு லெபனான்காரர் வடகம் போல ஏதோ தின்கிற சாமான் என்று நினைத்து, "டேஸ்டி?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

தம்பியிடம் ஏன் சொல்லவில்லை என்றால், புத்தகம் படித்தவனை வெல்ல எனக்கு அந்த ஒரு வித்தைதான் இருந்தது.

திங்கள் போனது. செவ்வாய் வேறு பெட்டிப் பிரைமர் வாங்கி வந்து பார்த்தேன். அதுவும் ஊறின பாண்தான். கிழவர் வேறு போன் எடுத்து, இன்னும் இரண்டு குட்டி போய்விட்டது, சனிக்கிழமை வருகிறாயா இல்லையா என்றார். "ஷுவர், ஷுவர்," என்றேன். ஆங்கிலத்தில் எனக்குப் பொய் சொல்ல வருகிற ஒரே சொல் அது.

புதன்கிழமை வேலை முடிந்து வந்து ஒரு கால் சப்பாத்தைத்தான் கழற்றியிருந்தேன், குசினியில் இருந்து சத்தம்.

"இஞ்சாருங்கோ! ஆர் இந்தத் தாங்கியளைக் கழுவினது?"

எனக்குப் பெருமையாக இருந்தது. கோது கழுவிய அன்றைக்கு வாளியில் புளித்தண்ணீர் மிச்சம் இருந்தது. இவளுக்கும் ஒரு உபகாரம் செய்வோம், துவக்குக் கதைக்கு வாய் அடையட்டும் என்று, கோயில் தாங்கிகளையும் அதற்குள் போட்டு மினுக்கி அலுமாரியில் வைத்திருந்தேன்.

"நான்தான். எப்பிடி மினுங்குது, பாத்தீரோ?"

"மினுங்குது. வந்து மெழுகுதிரியை வையுங்கோ பாப்பம்."

வைத்தேன். திரி குழிக்குள் பாதி இறங்கி நின்றது. கையை எடுத்தேன், சரிந்தது. அடுத்த தாங்கி. அதுவும் சரிந்தது.

"அமத்துங்கோவன், போர்க்லிப்ட் கையாலே," என்றாள்.

அமத்தினேன். மெழுகு நசிந்ததே தவிர இறங்கவில்லை.

"எத்தினை தண்ணியில அலசினனீங்கள்?"

"ஒரு தண்ணி."

"ஒரு தண்ணி! காய வைக்கேக்க குழி எந்தப் பக்கம்?"

"மேல் பக்கம்."

"அறிவு! புளியெண்டால் மூண்டு தண்ணியில அலச வேணும். அலசிப்போட்டுக் குழியைக் கவிட்டு வைக்க வேணும். இல்லாட்டிப் புளித்தண்ணி குழிக்குள்ள நிண்டு காஞ்சு பிசின் மாதிரி இறுகிப் போகும். பிறகு திரி எங்க இறங்கிறது?" ஈர்க்குமாற்றில் இருந்து ஓர் ஈர்க்கை முறித்து, குழியைச் சுரண்டிக் கவிழ்த்துத் தட்டினாள். மேசையில் மண்ணிறமாகப் பொருக்குப் பொருக்காகக் கொட்டியது. திரியை வைத்தாள். கடைசிவரை இறங்கி, நேராக நின்றது.

நான் அந்தத் திரியைப் பார்த்தேன். அடியில் குழி, குழிக்குள் இறங்கவேண்டிய சாமான், இறங்காமல் பாதியில் நிற்கிறது. கோதுகளை நான் வாயைக் கீழே வைத்துத்தான் கவிழ்த்தேன். அப்படிக் கவிழ்த்தால் பிரைமர்க் குழி எந்தப் பக்கம் பார்க்கும்? வானத்தை.

"அந்த ஈர்க்கைத் தாரும்."

"என்னத்துக்கு?"

ஈர்க்கோடு கராஜுக்கு ஓடினேன். ஒரு கால் சப்பாத்தோடு. குழிக்குள் ஈர்க்கை விட்டுச் சுழற்றினேன். கரியோடு சேர்ந்து இறுகிய பொருக்கு உதிர்ந்தது. மோந்து பார்த்தேன். மருந்து மணத்துக்கு அடியில் ரச மணம். நாக்கில் வைத்துப் பார்க்கத்தான் ஆசை. அந்தக் கரியில் ஈயம் இருக்கும் என்று தம்பி முந்தி ஒருநாள் சொன்னது ஞாபகம் வந்து நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டேன். சுரண்டிய கோதில் பிரைமரை வைத்து நசுக்கினேன். வழுக்கி இறங்கி, அடியில் போய் 'டக்' என்று தட்டியது. விரலால் தடவினேன். ஒரு மயிரிழை கீழே. கண்ணாடியில் நிறுத்தினேன். ஆடவில்லை.

தம்பிக்குப் போன் போட்டேன். முழுக்கக் கேட்டான். போனுக்குள் கரகர என்று ஒரு சத்தம், லைன் பழுதாக்கும் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"அண்ணே, நரியைச் சுடப் போனீங்களா, நரிக்கு ரசம் வைக்கப் போனீங்களா?"

"வாறியோ, இல்லையோ?"

"கொத்தமல்லி ஏதும் வாங்கிட்டு வரணுமா?"

அடுத்த நாள் பின்னேரம் வந்தான். நிரப்பி வைத்திருந்த தோட்டாக்களை ஒவ்வொன்றாக, சுத்தியல் போன்ற ஒரு கருவிக்குள் வைத்துத் தட்டிச் சன்னத்தைக் கழற்றினோம். மருந்தைத் தனியாகக் கொட்டினோம். பிரைமர் மட்டும் மிஞ்சிய கோதுகளைச் சுடுதளத்துக்குக் கொண்டுபோய், துவக்கில் போட்டு வெறும் பிரைமரை வெடிக்கவைத்துத் தீர்த்தோம். பிறகு அந்தப் பிரைமர்களைக் கழற்றி எறிந்து, எல்லாக் குழியையும் சுரண்டினோம், தம்பி அதற்கென்றே செய்த தூரிகையாலும் நான் ஈர்க்காலும். நடுவில் பொறி போகிற ஓட்டையும் சிலதில் புளியால் அடைத்துக் கிடந்தது. மூன்று தண்ணீரில் அலசினோம். இந்த முறை சரித்துப் படுக்க வைத்துக் காய வைத்தோம். இடையில் மனைவி எட்டிப் பார்த்து, தன் தாங்கிகளை எந்த வாளியில் கழுவினேன் என்று கேட்டாள். வாளியைக் காட்டினேன். அந்தத் துவக்குக் கரித் தண்ணியிலயோ கோயில் சாமானைக் கழுவினது என்று அவள் தொடங்கிய பேச்சுக்குத் தம்பி சவர்க்காரம் எடுக்கும் சாட்டில் வெளியே போய்விட்டான். தாங்கிகளைப் புது வாளியில் நானே திரும்பக் கழுவினேன்.

வெள்ளிக்கிழமை புதிதாக நிரப்பியதைச் சுடுதளத்தில் சுட்டுப் பார்த்தோம். ஒன்றும் 'டிக்' என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை விடியமுன் கிழவரின் கேற்றில் நின்றேன். அவர் கேற்றைத் திறந்துவிட்டு முன்னால் நடந்தார். அதே மேடு, அதே பனி. படுத்தோம். வெளிச்சம் வந்ததும் ஆடுகள் ஒரு பக்கமாக ஒதுங்கின. வேலிக்கரையால் நரி வந்தது, போன கிழமை வந்த அதே திமிர் நடை. இவனுடைய துவக்கு டிக் என்றுதானே சொல்லும் என்று அதற்கும் தெரிந்திருக்கவேண்டும்.

மூச்சை விட்டேன். விரலை இழுத்தேன்.

அதிர்ந்தது. மேடு முழுக்க எதிரொலித்தது. ஆடுகள் ஓடின. நரிக்கு ஒரு முழம் பின்னால் மண் எழும்பியது.

தவறிவிட்டேன். பிரைமரைச் சொல்ல முடியாது, புளியைச் சொல்ல முடியாது. முழுக்க முழுக்க என் கண்.

"ம்," என்றார் கிழவர். "வெடிக்குது."

ஆனால் இரண்டு கிழமையாக டிக் கேட்டுப் பழகிய நரிக்கு வெடி என்றால் என்னவென்று விளங்கவில்லை. வேலி மட்டும் பாய்ந்து போய், அங்கே நின்று, என்ன இது என்று திரும்பிப் பார்த்தது. அடுத்த தோட்டாவை ஏற்றினேன். அடி கழுவிய தோட்டா, அது தன் வேலையைச் செய்யும் என்று தெரிந்தபோது எனக்கு என் வேலை மட்டும்தான் மிச்சம் இருந்தது. இழுத்தேன். நரி நின்ற இடத்திலேயே விழுந்தது.

கிழவர் எழுந்து போய், வாலில் பிடித்துத் தூக்கிப் பார்த்து, வேலிக் கம்பியில் தொங்கவிட்டார். திரும்பி வரும்போது ஆடுகளைப் பார்த்தபடி கேட்டார். "என்ன பிழையாம் துவக்கில?"

"துவக்கில இல்லை. கோதைப் புளியில கழுவினனான்."

"புளி எண்டால்?"

விளக்க ஆங்கிலம் போதவில்லை. "சாப்பாட்டுக்குப் போடுறது. புளிப்பாய் இருக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். முதல் நாள் கேற்றில் பார்த்தது போல மேலும் கீழும். "நான் பித்தளை மினுக்கத் தக்காளிச் சோஸ் பூசுறனான்," என்றார். பிறகு மேட்டுக்குக் கீழே ஓடிய ஆற்றுக்கு அந்தப் பக்கம் கையை நீட்டினார். "அங்கயும் குட்டி போட்டிருக்குது. அங்க வாறது வேற நரி. அடுத்த சனி அந்தக் கேற்றால வா. சங்கிலி கறள் பிடிச்சு இறுகிக் கிடக்குது, காலால ஒரு உதை உதைச்சால் திறக்கும். போகேக்கை மறக்காமல் சாத்து."

ஓம் என்றேன். தமிழில்தான் வந்தது. அவருக்கு விளங்கியது.